கழன்று கிடக்கும் குழாய்: அடைப்பதா, தேடுவதா?

ஜப்பான் நாட்டில் ஹிரோஷிமா பக்கத்தில் மாஸ்டா கார்க் கம்பெனி இருக்கிறது. 1989-ம் ஆண்டில் இந்தக் கம்பெனி ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் பெயர் எம்.எக்ஸ்.-5. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேல் கூரையை மடித்து விடலாம். விளக்கைப் போட்டால், தூங்கியவன் கண் விழிப்பது போல முன் விளக்குகள் எழுந்து நிற்கும்!

இந்தக் கார் உலகமெங்கும் விற்பனை ஆயிற்று. 2016-ம் ஆண்டில் 10 லட்சமாவது கார் தயாரானது. முதலில் வந்த கார்களுக்கு இப்போது வயது 30-க்கு மேல். இன்னும் பலர் அவற்றை ஆசையோடு ஓட்டுகிறார்கள்.

வயதானால் மனிதனுக்கு நரம்பு தளரும். காருக்கு ரப்பர் தளரும். என்ஜின் சூட்டிலேயே கிடந்து குழாய் இறுகும், வெடிக்கும், ஒரு நாள் கழன்று விழும். சொந்தக்காரர் பானெட்டைத் திறந்து பார்ப்பார். ஒரு குழாயின் முனை அந்தரத்தில் தொங்கும். அது எங்கே இருந்தது? தெரியாது!

உடனே சிலர் முனையில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்து விடுகிறார்கள். இது சரியா? சரியே அல்ல!

திருட்டுக் காற்று

என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு கருவி அளக்கிறது. அந்த அளவுக்குத் தக்கபடி பெட்ரோல் போகிறது. ஏறத்தாழ 15 பங்கு எடைக் காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். இதுதான் கணக்கு.

அளவு கருவியைத் தாண்டிய இடத்தில் குழாய் கழன்றால் என்ன ஆகும்? கணக்கில் வராத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். பெட்ரோல் போதாது. என்ஜின் நடுங்கும், "உஸ்" என்று இரையும், சிக்னலில் நிற்கும்போது அணைந்து விடும். காரணம் தெரியாதவர்கள் பிளக்கை மாற்றுவார்கள். அளவு கருவியையே மாற்றுவார்கள். பணம் போகும். நோய் போகாது!

அடைத்தால் ஆபத்து

ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வேலை உண்டு. ஒன்று, என்ஜினின் அடிவயிற்றில் சேரும் புகையை வெளியேற்றுகிறது. அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். எண்ணெய் சீல்களைத் தாண்டிக் கசியும்.

இன்னொன்று பிரேக்குக்கு உதவுவது. அது கழன்றால் பிரேக் மிதி கல்லாக இறுகும். பலம் கொண்டமட்டும் மிதிக்க வேண்டும். எதிரே ஒரு குழந்தை ஓடி வந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. எந்தக் குழாய் என்று தெரியாமல் அடைப்பது, உயிரோடு விளையாடுவதாகும்.

தேடுவது எப்படி?

வழி எளிது. முதலில் என்ஜினை அணைத்து, சூடு ஆற விட வேண்டும். டார்ச் விளக்கு போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது!

குழாயின் முனையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அது புகை போகும் குழாயாக இருக்கலாம். பெட்ரோல் வாசனை வந்தால், பெட்ரோல் ஆவியைக் கொண்டு போகும் குழாயாக இருக்கலாம். பெட்ரோலே சொட்டினால் காரைக் கிளப்பக் கூடாது.

பல வருஷம் ஒரே இடத்தில் இருந்த ரப்பர் அந்த வளைவை மறப்பதில்லை. முனை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, அந்தப் பக்கம் தேட வேண்டும். குழாய் மாட்டியிருந்த இரும்பு முனையில் அழுக்கு படியாத வளையம் ஒன்று தெரியும். அளவும் பொருந்தினால் ஜோடி கிடைத்து விட்டது! பிறகு பழுது பார்க்கும் புத்தகத்தின் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

சில சமயம் ஜோடியே இராது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றி எறிந்திருப்பார். அப்போதும் மறு முனை எங்கே போகிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று சில மெக்கானிக்குகள் கேட்கலாம். தேடிய நேரத்துக்குக் கூலி வாங்கட்டும். அது நியாயமான கூலி. ஆனால் தேடாமல் மாற்றிய பாகத்துக்குச் சொந்தக்காரர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? "இந்தக் குழாய் எங்கே இருந்து எங்கே போகிறது, காட்டுங்கள்" என்று கேட்கலாம். காட்டிய பிறகு பணத்தை எடுத்து வைக்கலாம்!