லக்னோவின் லாம்ப்ரெட்டா

பழைய பாணியில் வரும் ஸ்கூட்டர்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. லாம்ப்ரெட்டா பற்றி ஏதாவது படித்தால், மிலான் வரும், அறுபதுகளின் லண்டன் இளைஞர்கள் வருவார்கள். லக்னோ மட்டும் வராது. லாம்ப்ரெட்டாவை உருவாக்கிய ஃபெர்டினாண்டோ இன்னசென்டி எஃகுக் குழாய் தயாரித்தவர். போரில் நொறுங்கிய ஆலையை மீட்டு, 1947இல் ஸ்கூட்டர் செய்ய இறங்கியபோது அதன் எலும்புக்கூட்டையும் குழாயால்தான் வளைத்தார். விமானம் செய்து பழகிய பியாஜியோவோ வெஸ்பாவுக்குத் தகட்டையே உடம்பாக்கியது. குலத்தொழில் எங்கே போகும்! இத்தாலியர்கள் சின்னக் கார்களுக்கு மாறியதும் வியாபாரம் படுத்து, 1971இல் மிலானில் உற்பத்தி நின்றது. இயந்திரங்களை நம் அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. 1972இல் அதற்கென்றே தொடங்கப்பட்ட ஸ்கூட்டர்ஸ் இந்தியா, உள்ளூரில் விற்ற வண்டிக்கு விஜய் சூப்பர் என்று பெயர் வைத்தது; ஏற்றுமதியானதற்குத்தான் லாம்ப்ரெட்டா. பெயருக்கு இருந்த மதிப்பை அரசாங்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டது எனக்கு இன்னும் விளங்காத வியாபாரம். நம்மவர்கள் அப்போது பஜாஜுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மிலானில் இந்த வண்டி ஓடியது 24 ஆண்டுகள்; லக்னோவில் 1975 முதல் 1997 வரை, ஏறக்குறைய அதே அளவு. ஆனாலும் நாம் செய்ததெல்லாம் நகல், அவர்கள் செய்ததுதான் அசல் என்ற பேச்சு போகவில்லை. விக்ரம் மூன்று சக்கர வண்டிகளை வைத்துக் கொஞ்சகாலம் தாக்குப்பிடித்த அந்த ஆலையையும் மூடிவிட 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.