'வரைக்கும்' வேறு, 'குள்ள' வேறு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி போன வாரம் போனில் அழுதாள். வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வந்து சேரும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுத நினைத்தவள், 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை வரை வந்துகொண்டே இருக்குமா என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார்.

"எனக்கு இங்கிலீஷே வராது டீச்சர்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பேன், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன். ரெண்டும் ஒண்ணாம்மா?"

"இல்லையே டீச்சர்."

"வரைக்கும்னா அன்டில். குள்ளன்னா பை."

கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தினேன். ஆங்கில வகுப்பில் தமிழ் வாடையே கூடாது என்று நம்பி, இன், ஆன், அட் என்று பட்டியலை ஒப்பிக்க வைத்தேன். அது பெரிய தவறு. பத்து மணிக்கு, திங்கட்கிழமையன்று, ஜூன் மாதத்தில் என்று பேசும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும். 'க்கு' வரும் இடத்தில் அட், 'அன்று' வரும் இடத்தில் ஆன், 'இல்' வரும் இடத்தில் இன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவேன் என்றால் அட் கிறிஸ்துமஸ்; கிறிஸ்துமஸ் அன்று வருவேன் என்றால் ஆன் கிறிஸ்துமஸ் டே.

விடுப்புக் கடிதங்களில் 'ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்' என்பதை எத்தனை முறை சிவப்பு மையால் அடித்திருப்பேன்! ரெண்டு நாளாகக் காய்ச்சல் என்றால் ஃபார், திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல் என்றால் சின்ஸ் என்று ஒரு முறையாவது பக்கத்தில் எழுதியிருந்தால் அடுத்த கடிதம் சரியாக வந்திருக்கும்.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. இரவில் என்பது அட் நைட். திங்கட்கிழமை காலையில் என்பது ஆன் மண்டே மார்னிங். இரண்டு நாளைக்குள் என்று நாள் கணக்கு வந்தால் பை நிற்காது, வித்இன்தான். இப்படிச் சிலதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். மற்றதற்குப் பிள்ளைகளின் காதே போதும்.

இப்போது வகுப்பில் நிற்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் தமிழ் வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்.