இரண்டு பதிவேடுகள்

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு மருமகள் மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். "இன்னும் வேலையாம்மா?" என்றேன். "வேலை ஆறு மணிக்கே முடிஞ்சிடுச்சு மாமா. செஞ்சதை ஜிராவுல ஏத்தணும்" என்றாள்.

ஏழு பேர் கொண்ட மென்பொருள் குழு அவளுடையது. ஜிராவை விட்டுவிடலாமா என்று பேச்சு நடக்கிறதாம். மேலாளருக்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் வேண்டும், பையன்களுக்கு ட்ரெல்லோ போதும். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் சும்மா இருப்பேனா!

நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் ஒவ்வொரு கட்டட வேலைக்கும் சுவரில் ஒரு பார் சார்ட் தொங்கும். அது ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு. சிமெண்ட் வந்ததா, மேஸ்திரி வந்தாரா என்ற நிஜமெல்லாம் என் இழுப்பறையில் இருந்த நோட்டில். ஆய்வுக்கு முந்தின நாள் நோட்டைப் பார்த்துச் சார்ட்டில் கோட்டை நீட்டுவேன். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். வேறு யாரோ உத்தேசமாக நீட்டிவிட்டார்கள். சென்ட்ரிங்கே அடிக்காத கூரைக்குப் பில் பாஸாகிவிட்டது. மெமோ எனக்கு வந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் ஓயாமல் சொல்வது 'ஓ ஃப்யூர் எ அ மெஸ்யூர்'. வேலை நடக்க நடக்க, கூடவே எழுது என்று அர்த்தம். கருவியைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு அளவுகோல் தெரியாது.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் பார் சார்ட்டின் வம்சம். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அழகாகக் காட்டும். 1958இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காக உண்டாக்கிய பெர்ட் முறையும் இதே கணக்குத்தான். பாலம் கட்டுகிறவனுக்கு அது சரி. தூணுக்குப் பிறகுதான் தளம். இவர்கள் வேலையிலோ புதன்கிழமை பட்டியலே மாறிவிடுகிறது. பிறகு சார்ட்டைத் திருத்தவே தனியாக ஓர் ஆள் வேண்டும். ட்ரெல்லோ அட்டைப் பலகை மாதிரி. ஏழு பேருக்குப் போதும், ஆனால் யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது அதில் சட்டென்று தெரியாது.

ஜிரா 2002இல் பிழைகளைக் குறித்துவைக்க வந்த சாதனம். அதைக் குறை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. "ஒரு வேலையை முடித்தால் எத்தனை கட்டம் நிரப்புகிறாய்?" என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துப் பதினான்கு என்றாள். அவற்றை ஜிரா கேட்கவில்லை, ஆபீஸில் ஒவ்வொருவராகச் சேர்த்தது. "எத்தனையை யாராவது படிக்கிறார்கள்?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "நாலு இருக்கும் மாமா."

புதிதாக எதையும் வாங்குமுன் அந்தப் பத்தையும் எடுத்துவிட்டு இரண்டு வாரம் நிஜ வேலையை ஓட்டிப் பாருங்கள் என்றேன். கூட்டத்துக்கு முந்தின ராத்திரி எல்லோரும் அவசரமாக ஏற்றிக்கொண்டிருந்தால், அங்கேயும் இரண்டு பதிவேடு ஓடுகிறது என்று அர்த்தம்.

மேலாளர் ஆறு கட்டங்களை எடுக்கச் சம்மதித்தாராம். நேற்று ஒன்பதரைக்கே படுக்கப் போய்விட்டாள்.