ஏறுவதற்கு எல்லோரும் தயார், இறங்குவதற்கு?

போன வாரம் பேரன் போனில் கூப்பிட்டான். காலேஜ் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து குரங்கணியில் மலையேறப் போகிறார்களாம். "தாத்தா, நீங்க போடியில வேலை பார்த்தவர்தானே, ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க" என்றான். எந்த ஷூ, எந்தப் பை, எங்கே நின்று போட்டோ எடுப்பது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எத்தனை மணிக்குத் திரும்பறதுன்னு முடிவு பண்ணியிருக்கீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம் தாத்தா."

1989 டிசம்பரில் நாங்களும் இதையேதான் சொன்னோம். ஆபீசில் ஐந்து பேர். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஏறி, அன்றைக்கே இறங்கிவிடுவது என்று திட்டம். (மூணாறு தேயிலையை மேலே ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் இறக்கிய காலத்தில் வந்த பெயர் அது. 1924 வெள்ளத்தில் ரயில் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.) ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள், ஒருவருக்காகக் காத்திருந்து ஒன்பதரைக்கு நடக்க ஆரம்பித்தோம். புளியோதரைப் பொட்டலம், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு பேனா டார்ச். சென்ட்ரல் ஸ்டேஷன் தாண்டும்போது மணி ஒன்றரை. எங்களில் வயதில் மூத்தவர், "போதும்ப்பா, இங்கேயே சாப்பிட்டுட்டு இறங்கிடலாம்" என்றார். "என்ன சார், வீட்ல தேடுவாங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தது நான்தான். அவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை, பின்னாலேயே வந்தார்.

டிசம்பரில் சூரியன் ஆறு மணி சுமாருக்கு அஸ்தமிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அது சமவெளிக் கணக்கு. குரங்கணிக்கு மேற்கேதான் மலை. காலண்டர் என்ன சொன்னாலும், சரிவில் வெயில் வெகு முன்னாலேயே போய்விடும். காட்டுக்குள் இன்னும் சீக்கிரம். நாங்கள் பாதி தூரம் இறங்குவதற்குள் காலடி தெரியவில்லை. அந்த இருட்டில்தான் அவர் கால் மடங்கி விழுந்தார். தோட்ட வேலை முடிந்து ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்திராவிட்டால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கப் பிடிக்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை, மழை நாள் வந்தால் அவர் அந்தக் கணுக்காலைத் தேய்த்துக்கொள்வார். பக்கத்து மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் என் கட்சி இதுதான்: மலைப்பயணத் திட்டத்தை மேலிருந்து கீழாகப் போட வேண்டும். எத்தனை மணிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து இறங்கும் நேரத்தைக் கழியுங்கள். இறங்குவது சுலபம் என்று இளம் முழங்கால்கள்தான் சொல்லும். யாருக்காவது அடிபட்டால் என்று இன்னும் ஒரு மணி நேரம் கழியுங்கள். மிச்சம் வருவது பன்னிரண்டரை என்றால், பன்னிரண்டரைக்கு எங்கே நிற்கிறீர்களோ அதுதான் அன்றைய உச்சி. எதிரே சிகரம் கையெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் சரி. அந்த நேரத்தில் "திரும்பு" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொல்பவரைக் கேலி செய்ய என்னைப் போல ஒருவன் எப்போதும் இருப்பான். ஆகவே சொல்ல வேண்டிய ஆளை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அனுமதி விஷயத்திலும் பேரனோடு ஒரு வாக்குவாதம். "நம்ம மலைக்குப் போக எதுக்குப் பணம், எதுக்கு பர்மிஷன்?" என்கிறான். பணம் பற்றி அவன் சொல்வதில் நியாயம் உண்டு, மாணவர்களுக்குக் குறைக்கலாம். ஆனால் 2018 மார்ச் 11 எனக்கு மறக்கவில்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் இதே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். மார்ச்சில் அந்தச் சரிவுப் புல் காய்ந்து சருகாக இருக்கும். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற நெருப்பின் சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. ஏறி ஓடுகிற மனிதனால் அதை முந்த முடியாது. உள்ளூர்க்காரருக்கு இது தெரியும், வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் 40 பாதைகளுக்குப் பதிவு செய்யலாம், உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டியாகக் கூட வருகிறார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடியும் விடுகிறார்கள். பெயரைப் பதிந்துவிட்டுப் போனால், சாயங்காலம் தலை எண்ண ஒரு ஆள் இருப்பார். 1989இல் எங்களை எண்ண யாரும் இல்லை.

நேற்று மறுபடி போன் வந்தது. பதிவு செய்துவிட்டார்களாம், காலை ஆறு மணிக்கே கிளம்புகிறார்களாம். திரும்பச் சொல்லும் ஆளாகக் கூட வரும் ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணு சொன்னா கேப்பீங்களாடா?"

"அவளுக்கு எல்லாருமே பயப்படுவோம் தாத்தா."