இறங்கின இடத்துக் காசு



உப்புக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் இந்த மாதம் மூன்று வீடுகளில் பயணச் சத்தம். ஒரு வீட்டுப் பிள்ளை பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போகிறாள். முன்வீட்டு ராத்தா மகனைப் பார்க்கக் கட்டாருக்குப் போகிறார். மூலை வீட்டு அம்மா, 1990இல் படகேறிப் போய் மண்டபம் முகாமிலேயே தங்கிவிட்ட தமக்கையைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போகிறார். மூவரும் வெவ்வேறு நாளில் வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "பிளேனால இறங்கின உடனே கையில அந்த நாட்டுக் காசுக்கு என்ன செய்யிறது?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த விடயத்தில் நான் ஏமாந்த கதை ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

2023 தை மாதம். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் விமானம் மீண்டும் ஓடத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். என்னிடம் 200 டொலர் இருந்தது. அதையும் வெளிநாட்டில் இருக்கிற மச்சாள் ஒருத்திதான் அனுப்பியிருந்தாள். சென்னையில் இறங்கி, பெட்டியை எடுத்து, வெளியே வரும் வழியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் இருந்தார். "கமிஷன் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கமிஷன் இல்லையென்றால் நட்டமும் இல்லை என்று நான் நினைத்தேன். டொலரைக் கொடுத்தேன். எண்ணி 15,000 இந்திய ரூபா தந்தார். சந்தோசமாக வாங்கிக் கொண்டு வெளியே வந்தேன்.

அந்த நாட்களில் ஒரு டொலர் இந்தியாவில் 82 ரூபா அளவில் இருந்தது. எனக்கு அவர் கணக்குப் போட்டது 75. ஒரு டொலருக்கு 7 ரூபா என்றால் 200 டொலருக்கு 1,400. எங்கள் காசில் ஆறாயிரத்துக்கு மேல். வாடியில் குந்தியிருந்து மீன் வெட்டுகிற ஒரு பெண்ணுக்கு அது எத்தனை நாட்கூலி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதைவிட மனதில் தைத்தது வேறொன்று. தங்கச்சியின் புருஷன் முகாமில் அனுமதி எடுத்து, இரவு முழுக்கப் பயணம் செய்து, வாசலில் நின்றார். "மச்சாள் இறங்கின உடனே காசுக்குக் கஷ்டப்படக் கூடாது" என்று ஒருவரிடம் 2,000 ரூபா வட்டிக்கு வாங்கிக் கொண்டு வந்திருக்கிறார். நான் உள்ளே 1,400 ரூபாவைக் கூண்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன். அவர் வெளியே கடன் காசோடு நிற்கிறார். முன்பே ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டும் நடந்திராது.

இனி விடயத்துக்கு வருவோம்.

காசு மாற்றுகிற இடங்களில் ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் நேரே இரண்டு எண்கள். ஒன்று அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை, மற்றது நமக்கு விற்கும் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவர்களுடைய வருமானம். இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு நமக்கு நட்டம். கமிஷன் எடுக்காத கடைக்காரர் அந்த வருமானத்தை விலைக்குள்ளேயே வைத்திருப்பார். ஆகவே "கமிஷன் எவ்வளவு?" என்று கேட்பதில் பயன் குறைவு. "இந்த நூறு டொலருக்கு எல்லாம் கழித்து என் கையில் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே ஓர் எண்தான் பதிலாக வரவேண்டும். அதை வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுபோன எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த எண் எங்கே கிடைக்கும்? புறப்படுவதற்கு முதல்நாள் வங்கியில் கேட்கலாம், அல்லது கைத்தொலைபேசி பார்க்கத் தெரிந்த பிள்ளையிடம் கேட்கலாம். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்றே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நூறு டொலருக்கு 375 ரியால். கட்டாரில் 364 ரியால், டுபாய், அபுதாபிப் பக்கம் 367 திர்ஹம். நாளுக்கு நாள் மாறாத கணக்கு என்பதால் ஒரு துண்டில் எழுதி வைத்தால் போதும். இதிலிருந்து கொஞ்சம் குறைத்துத் தருவார்கள், அது வழமை. நூறு டொலருக்கு 340 ரியால் என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். குவைத் தினார் இப்படி டொலரோடு மட்டும் கட்டப்பட்டதல்ல. ஒரு தினார் மூன்று டொலருக்கும் மேல் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். ஒரு தினார்த் தாளை எங்கள் ஒரு ரூபாவைப் போல நினைத்து நீட்டிவிடக் கூடாது.

விமான நிலையத்தில் ஏன் விலை குறைவாகத் தருகிறார்கள்? இடவாடகை அதிகம். வருகிறவரும் களைத்துப்போய், பிள்ளை அழ, வேறு கடை தெரியாமல் நிற்கிறார். அவருக்குத் தெரிவு இல்லை என்பது கூண்டுக்குள் இருப்பவருக்குத் தெரியும். எல்லா விமான நிலையமும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டுநாயக்காவில் வங்கிகளே வரிசையாகக் கருமபீடம் வைத்திருக்கின்றன, ஊர் வங்கி விலைக்கும் அங்குள்ள விலைக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள் அந்த நாட்டு விமான நிலையத்தில் அவசரப்பட்டு இலங்கைக் காசாக மாற்ற வேண்டாம். ரியாலையோ தினாரையோ தாளாகவே கொண்டு வந்து இங்கே மாற்றுங்கள். சில்லறைக் குற்றிகளை இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். அவற்றை அங்கேயே ஒரு தேநீருக்குச் செலவழித்துவிட்டு வாருங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். விமான நிலைய வாசலிலிருந்து போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை எவ்வளவு தேவை? அவ்வளவுதான் இறங்கின இடத்தில் வேண்டிய காசு. மிச்சத்தை மறுநாள் ஊருக்குள் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து மாற்றலாம். சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எழும்பூருக்கு ரயிலில் போக ஒரு தேநீர்க் காசுதான். பெட்டி பாரமில்லை, பகல் நேரம், துணை உண்டு என்றால் வாடகைக் கார் தேவையே இல்லை. இரவில் தனியே இறங்குகிறவர் காசைப் பார்க்காமல் விமான நிலையத்துக்குள்ளேயே முன்பணம் கட்டிக் காரை எடுங்கள், அந்தச் செலவு வேண்டிய செலவு. மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களுக்குச் சென்னையைவிடத் திருச்சியோ மதுரையோதான் கிட்ட. பலாலியிலிருந்து திருச்சிக்கு 2025 பங்குனி முடிவில் விமானம் தொடங்கியது. ரிக்கற் எடுக்கும்போதே இதையும் விசாரியுங்கள். வழிச்செலவு குறைந்தால் மாற்ற வேண்டிய காசும் குறையும்.

அந்த முதல்நாள் காசை எப்படிக் கையில் வைத்திருப்பது? எனக்குத் தெரிந்தவற்றில் நல்லது, இங்கிருந்தே கொஞ்சம் இந்திய ரூபா வாங்கிக் கொண்டு போவது. விமானத்தில் போகும் இலங்கையர் 25,000 இந்திய ரூபா வரை கையில் கொண்டுபோக இந்திய மத்திய வங்கியின் விதி இடம் கொடுத்திருக்கிறது. அது விமான நிலையம் வழியாக நுழைகிறவருக்கு என்றே எழுதப்பட்ட விதி. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். மன்னார் நகரத்து வங்கியில் இந்தியத் தாள் எப்போதும் இருக்கும் என்றில்லை. கொழும்பில் கோட்டை, வெள்ளவத்தைப் பக்கம் காசு மாற்றும் கடைகள் உண்டு. மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் உள்ள கடைதானா என்று பாருங்கள். இதற்கென்று மட்டும் கொழும்புக்குப் போய்வர வேண்டாம், பஸ் காசில் இலாபம் போய்விடும்.

வங்கி காட் வைத்திருக்கிறவர்கள் ஏ.ரி.எம். இயந்திரத்தில் எடுக்கலாம். பெரும்பாலும் கூண்டுக்காரர் தருவதைவிட நல்ல விலை கிடைக்கும். ஆனால் மூன்று விடயம் கவனம். உங்கள் காட் வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று புறப்படமுன் கிளையில் கேட்டுத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அந்த இயந்திரத்து வங்கியும் எங்கள் வங்கியும் கட்டணம் வெட்டலாம். ஆகவே ஆயிரம் ஆயிரமாக மூன்று தரம் எடுக்காமல் ஒரே தரத்தில் எடுங்கள். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. திரையில் "உங்கள் நாட்டுக் காசில் கணக்கிட்டுத் தரவா?" என்ற மாதிரி ஒரு கேள்வி வரும், ஆங்கிலத்தில் கன்வேர்ஷன் என்ற சொல் இருக்கும். உதவி போலத் தெரியும். வேண்டாம் என்று அழுத்துங்கள். ஓம் என்றால் அந்த இயந்திரத்தின் விலையில் கணக்கு நடக்கும், அது கூண்டுக்காரரின் விலைக்குத் தங்கச்சி. வேண்டாம் என்றாலும் காசு வரும், பயப்பட வேண்டாம்.

காட்டும் இல்லை, இந்தியத் தாளும் கிடைக்கவில்லை என்றால் கூண்டுக்குத்தான் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபது டொலரோ ஐம்பது டொலரோ மட்டும் மாற்றுங்கள். அதற்காகவே சிறிய தாள்களாக டொலர் வாங்கி வைத்திருங்கள். நூறு டொலர்த் தாள் ஒன்றுதான் இருந்தால் முழுவதையும் கொடுக்க வேண்டி வரும். கிழிந்த, எழுதப்பட்ட, மடிப்பில் வெளுத்த தாள்களை எடுக்க மாட்டார்கள், அல்லது விலை குறைப்பார்கள். கூண்டை விட்டு விலகமுன் அங்கேயே நின்று எண்ணுங்கள். பற்றுச்சீட்டை வாங்கிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். மிஞ்சிய ரூபாவைத் திரும்ப மாற்றும்போது அதைக் கேட்பார்கள்.

இலங்கை ரூபாவைக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எடுக்கிற இடம் குறைவு, எடுத்தாலும் அடிமாட்டு விலை. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடியதும் 20,000 ரூபா வரைதான். திரும்பி வந்து வீடு சேர பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, அவ்வளவும் போதும்.

இன்னொன்று, முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு. பெட்டிக்குள் சேலை மடிப்பில் வைத்த இந்தியத் தாள்கள் பலரிடம் இருக்கின்றன. இறங்கின உடனே அது உதவும் என்று நம்பியிருக்கிறார்கள். எடுத்துப் பாருங்கள். பழைய 500, 1,000 ரூபாத் தாள்கள் 2016 கார்த்திகை 8ஆம் திகதி இரவோடு செல்லாமல் போயின. இப்போது அவை வெறும் கடதாசி. 2,000 ரூபாத் தாளை 2023 வைகாசியில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அது செல்லாத காசு அல்ல, ஆனால் கடையில் எடுக்க மாட்டார்கள், அங்கு ரிசர்வ் வங்கியின் அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. மூலை வீட்டு அம்மாவிடம் அவருடைய தாய் விட்டுப்போன பழைய ஐந்நூறு ரூபாத் தாள்கள் ஆறு இருந்தன. கடலில் போட்ட நகைக்குப் பிறகு அந்தத் தாயின் கையில் மிஞ்சியது அதுதானாம். நான் சொன்னதைக் கேட்டு, திரும்ப அதே சேலைக்குள் மடித்து வைத்தார். எறியவில்லை.

"இங்கே குடு, அங்கே எங்கள் ஆள் தருவான்" என்கிற உண்டியல்காரர்களைப் பற்றியும் கேட்டார்கள். விலை நல்லதாகத்தான் சொல்வார்கள், பொய் சொல்ல மாட்டேன். சட்டத்துக்குப் புறம்பான வழி அது. அங்கே ஆள் வராவிட்டால் எந்தப் பொலிசில் போய்ச் சொல்வது? புருஷனும் இல்லாமல், கடனும் உள்ள பெண்கள் அந்த விளையாட்டுக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். விமான நிலைய வாசலில் காதோடு காதாக "நல்ல ரேற் தாறன்" என்று வருகிறவரோடும் ஒதுக்குப்புறம் போக வேண்டாம்.

பணிப்பெண்ணாகப் போகிற பிள்ளைக்கு நான் சொன்னது வேறு. அவளை வாசலில் வந்து கூட்டிப் போவார்கள், முதல்நாள் அவளுக்குக் காசு தேவைப்படாமலும் போகலாம். ஆனால் கூட்டிப் போக ஆள் வராமல் மணிக்கணக்காக இருந்த பிள்ளைகளின் கதைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆகவே ஐந்து, பத்து டொலர்த் தாள்களாக ஐம்பது டொலர், கைப்பையில் இல்லை, உடுப்போடு தைத்த பையில். அதைப் பற்றி ஏஜென்சிக்காரருக்கோ கூடப் போகிறவருக்கோ சொல்லத் தேவையில்லை. "மாற்றித் தருகிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்கவும் வேண்டாம்.

எங்கள் கரைக்குக் காசு மாற்றுவது புதிதல்ல. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி அக்கரைக்குப் போய்வந்த காலத்தில் இரண்டு ரூபாவும் எங்கள் பெரியவர்களின் மடியில் இருந்தது. போர் வந்து 1980களில் கப்பல் நின்றது. பிறகு ஓட்டுப் படகில் போய் மணல்திட்டில் இறக்கப்பட்டவர்கள் எந்த நாட்டுக் காசும் இல்லாமல்தான் கரையேறினார்கள். என் தங்கச்சி காதுத்தோட்டை விற்றுத்தான் அந்தக் கரையில் முதல் பால்மா வாங்கினாள். என்ன விலைக்குக் கொடுத்தாய் என்று கலியாண வீட்டில் கேட்டேன். "விலை கேக்கிற நேரமா அது அக்கா?" என்றாள்.

அவளுடைய புருஷன் வாங்கிய 2,000 ரூபாவை வட்டியோடு நான் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். மூலை வீட்டு அம்மா வருகிற 14ஆம் திகதி போகிறார். தமக்கைக்கு நேற்றே ரெலிபோன் எடுத்து, "ஒருத்தரும் கடன் வாங்கிக் கொண்டு வர வேண்டாம், என்னிட்ட மூவாயிரம் இந்தியக் காசு இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஒழுங்கைக்கே கேட்டது.