கணினி படுத்தால் கடையும் படுக்க வேண்டுமா?

வியாபாரிகளாகிய நாம் கடைக்கு ஒரு பூட்டுப் போடுகிறோம். லாச்சிக்கு இன்னொரு பூட்டுப் போடுகிறோம். காசை அன்றன்றைக்கே எண்ணி வைக்கிறோம். ஆனால் யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதையும் மேசைக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் ஒரு பழைய கணினியை நம்பி விட்டுவிடுகிறோம். அது ஒரு நாள் எழும்ப மறுத்தால் என்ன நடக்கும் என்பதை 2024ஆம் ஆண்டு நோன்பின் கடைசிப் பத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

எனது தொழில் புடைவை வியாபாரம். புறக்கோட்டையில் கொள்முதல் செய்து எமது பகுதிச் சிறு கடைகளுக்குக் கடனுக்குக் கொடுப்பேன். பெருநாளைக்கு முந்திய பத்து நாட்கள்தான் அந்தக் கடன் திரும்பி வரும் காலம். அப்படியான ஒரு காலையில், 2010ஆம் ஆண்டு வாங்கிய கணினியைப் போட்டால் விண்டோஸ் அடையாளம் வருகிறது, நீலத் திரை ஒன்று மின்னி மறைகிறது, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பத்துத் தடவை போட்டாலும் இதே கதைதான்.

திருத்துகின்ற தம்பி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “விண்டோஸ் பழுதாப் போயிட்டுது காக்கா, போர்மட் பண்ணினாச் சரி” என்றார். “பண்ணினா உள்ளுக்குள்ள கணக்கு இருக்குமா?” என்று கேட்டேன். “அது இருக்காது” என்றார். நல்ல வேளையாக அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்த மூன்று நாட்களும் ஞாபகத்தை வைத்தே வியாபாரம் செய்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குப் போன் எடுத்து நிலுவையைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “போன கிழமையே தந்துட்டேனே காக்கா, துண்டும் இருக்கே” என்றார். இருபது வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். கொடுத்த காசை இரண்டாவது தடவை கேட்டுவிட்டேன். கணினி பழுதானது எனக்குப் பெரிய நட்டமாகத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிட வெட்கம்தான் பெரிய நட்டம்.

கடைசியில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த எனது மருமகன் வந்தான். அவன் முதலில் கேட்டது, “மாமா, திகதி என்ன காட்டுது?” என்பதுதான். பார்த்தால் கணினி எப்போதோ கடந்துபோன ஒரு வருடத்தின் ஜனவரி முதலாம் திகதியைக் காட்டியது. பல மாதங்களாகவே அதன் நேரம் பின்தங்கி வந்திருக்கிறது. கடைப் பையன் காலையில் அதைச் சரி செய்துவிட்டு வேலையைத் தொடங்குவான். அது ஓர் எச்சரிக்கை என்று எங்கள் ஒருவருக்கும் புரியவில்லை.

கணினியின் மதர்போர்ட்டில் நாணயம் போல ஒரு சிறிய பற்றரி இருக்கிறது. பெரும்பாலும் 2032 என்ற இலக்கம் கொண்ட 3 வோல்ட் பற்றரி. கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் திகதியையும் சில அமைப்புகளையும் காத்து வைப்பது இதுதான். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடை பூட்டும் எம்மைப் போன்றவர்களின் கணினியில் இது சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் அமைப்புகள் தொழிற்சாலையில் வைத்தபடிக்கு மாறிவிடும். ஹார்ட் டிஸ்க்குடன் பேசும் முறையும் அதில் ஒன்று. அது மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். எனது கணினிக்கு நடந்தது அதுவே. மருமகன் முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திக் கணக்குகளைப் பிரதி எடுத்தான். பிறகு புதிய பற்றரியைப் போட்டு அந்த அமைப்பைப் பழையபடி மாற்றினான். கணினி எழும்பியது.

முதலில் வந்த தம்பியில் நான் குறை சொல்ல மாட்டேன். இயந்திரத்தை ஓட வைப்பது அவருடைய வேலை. கணக்கைக் காப்பது எங்களுடைய வேலை. ‘எனக்குக் கணினி முக்கியமில்லை, உள்ளே இருக்கும் கணக்குத்தான் முக்கியம், முதலில் அதை எடுத்துத் தாருங்கள்’ என்று நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஆளை அழைப்பதற்கு முன் நாமே பார்க்கக் கூடியவையும் உண்டு. வெளிச்சமோ காற்றாடிச் சத்தமோ இல்லையென்றால் ப்ளக், வயர், யூ.பி.எஸ்., பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பவர் சப்ளை பழுதாகியிருக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றிய பின்னரும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். காற்றாடி சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால் மொனிட்டர் வயரைப் பாருங்கள். விட்டு விட்டு ‘பீப்’ சத்தம் வந்தால் பெரும்பாலும் ரேம்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே பல கணினிகள் எழும்பிவிடும். எமது கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றுக்கும் புடைவைக் கடைப் பஞ்சுக்கும் இது அடிக்கடி நடப்பது. பென் டிரைவ் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

ஆனால் ‘டிக், டிக்’ என்று ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டால் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பது இன்னும் கெடக்கூடும். உடனே அணைத்துவிட்டு, தகவலை மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

பழைய கணினியை இன்றே வீசுங்கள் என்று நான் சொல்லவில்லை. பில் அடிக்கவும் கணக்கு வைக்கவும் அது போதும். ஆனால் விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழமையான உதவி 2025 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. அப்படியான கணினியில் வங்கி வேலை செய்வது புத்திசாலித்தனமல்ல.

‘இப்போது எல்லாம் போனில் இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். போன் தொலையாதா? எதில் வைத்தாலும் ஒரே இடத்தில் வைப்பதுதான் பிழை. இன்று எனது கடையில் வியாழன் இரவு கணக்கு ஒரு பென் டிரைவில் ஏறி என்னோடு வீட்டுக்கு வருகிறது. மாத முடிவில் நிலுவைப் பட்டியலைக் கடதாசியில் அச்செடுத்துக் கோவையில் போடுகிறோம். இதற்குச் செல்வாவது பத்து நிமிடம்.

கடனை எழுதி வையுங்கள் என்ற கட்டளை எமக்குப் புதிதல்ல. எழுதியதைக் காத்து வைப்பதும் அதில் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன். அந்த வாடிக்கையாளர் இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் காசு தரும்போது, “துண்ட எழுதித் தாங்க காக்கா” என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். முன்பு அவர் அப்படிக் கேட்டதே இல்லை.