சராசரியில் அடங்காத முழக்கம்

1964-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூலை வரை, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்து மக்கள் நாளொன்றுக்கு எட்டு முறை தங்கள் கூரைகளின் மேல் பேரிடி முழங்கக் கேட்டார்கள். ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்களின் முழக்கத்தை ஜனங்கள் எவ்வளவு தூரம் சகித்துக்கொள்வார்கள் என்று அறிவதற்காக அந்நாட்டு அரசாங்கமே நடத்திய பரீட்சை அது. மொத்தம் 1,253 முழக்கங்கள். இதனோடு வாழப் பழக எங்களால் இயலாது என்று முடிவில் நான்கில் ஒருவருக்கு மேல் சொல்லிவிட்டார்கள். 1973-இல், நிலத்தின் மேல் அவ்வேகத்தில் பயணிகள் விமானங்கள் பறப்பதற்குத் தடை பிறந்தது.

அந்தத் தடையை நீக்கும்படி 2025 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி ஆணையிட்டார். அதே ஆண்டு அக்டோபரில், முழக்கத்தை ஏறக்குறைய 75 டெசிபல் அளவுள்ள மெல்லிய 'தொப்' ஒலியாகத் தணிப்பதற்கென்றே நாசா உருவாக்கிய எக்ஸ்-59 விமானம் முதன்முதலாக வானேறியது. அந்த முயற்சியை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும், ஒரே எண்ணைக் கொண்டு ஊர் முழுவதற்கும் தீர்ப்பெழுதிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

ஏனெனில், விமானத்தை விட்டுப் புறப்பட்ட அதிர்வலை, பூமியை ஒட்டிய ஓரிரு கிலோமீட்டர் காற்றைக் கடக்கும்போது, பகல் வெயிலில் சூடேறி எழும் காற்றுத் திரள்களும் சுழல்களும் பூதக்கண்ணாடியைப் போல ஓரிடத்தில் அதைக் குவித்து, வேறோரிடத்தில் சிதறடித்துவிடுகின்றன. அதனால் சில நூறு அடி இடைவெளியில் உள்ள இரண்டு வீடுகளில், ஒன்றில் கூர்மையான வெடிச்சத்தமும் மற்றொன்றில் மழுங்கிய உறுமலும் ஒரே விமானத்திலிருந்து வந்து விழலாம். 2016-இல் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துப் பாலைவனத்திலும் மறு ஆண்டு கென்னடி விண்வெளி மையத்தின் ஈரக் கடற்கரையிலும், இந்தக் காற்றுக் கொந்தளிப்புக்கு மேலே மிதந்த மோட்டார் கிளைடர் ஒன்றில் ஒரு மைக்ரோபோனையும், தரையில் வரிசையாகப் பல மைக்ரோபோன்களையும் வைத்து, நாசா இதனைப் பதிவு செய்தது. நாளைய காற்று எப்படிச் சுழலும் என்று எவராலும் சொல்ல இயலாதாகையால், கணித மாதிரிகளை அமைப்போர் சாத்தியமான பல காற்றுகளைக் கணினியில் கற்பித்து, ஒவ்வொன்றினூடும் அலையைச் செலுத்திப் பார்க்கிறார்கள்.

அக்கணக்குகள் தருவது ஓர் எண்ணன்று, எண்களின் பரவல். கொந்தளிப்பு பெரும்பாலும் அலையின் கூர்முனையை மழுக்குவதால் சராசரி இதமாகவே தோன்றும். ஆனால் தொட்டிலில் உறங்கும் குழந்தையைத் திடுக்கிட்டெழச் செய்வது சராசரி அன்று, அந்த வீட்டின் மேல் வந்து குவிந்த முழக்கமே. ஆகவே எக்ஸ்-59 பல நகரங்களின் மேல் பறந்து ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கப் போகும்போது, அமைதியான விடியலில் மட்டுமின்றிக் கோடைப் பிற்பகலிலும் பறக்க வேண்டும்; அதன்பின் வகுக்கும் சட்டம், நூறு முழக்கங்களில் எத்தனை வரம்பு மீறலாம் என்பதையும் தெளிவாக எழுதவேண்டும்.